எதிராளியைப் பொறுக்கி எடுக்காத கேட்டி டெய்லர்

தொழில்முறைக் குத்துச்சண்டையில் தோல்வியே இல்லாத கணக்கு என்பது ஒரு வியாபாரப் பொருள். 20-0, 25-0 என்று போஸ்டரில் பெரிதாகப் போடுவார்கள். அந்தப் பூஜ்ஜியத்தைக் காப்பாற்றவேண்டும் என்பதற்காகவே எத்தனையோ நல்ல சண்டைகள் நடக்காமல் போயிருக்கின்றன. யாரோடு மோதுவது, எந்த ஊரில், எந்த எடையில், எப்போது... எல்லாம் பேரம். ஒலிம்பிக் போன்ற அமெச்சூர் போட்டிகளில் அந்தச் சௌகரியம் கிடையாது. எடை பார்ப்பார்கள், குலுக்கலில் எந்தப் பெயர் வருகிறதோ அவரோடு ஏறியே தீரவேண்டும். முதல் ஆட்டத்திலேயே உலகச் சாம்பியன் வந்து நின்றாலும் மறுக்க வழியில்லை.

அயர்லாந்தின் கேட்டி டெய்லரை நான் இவ்வளவு கொண்டாடுவது சாம்பியனுக்குத் தரும் பெல்ட்டுகளுக்காக அல்ல. தொழில்முறைக்கு வந்து பணமும் புகழும் சேர்ந்த பிறகும், குலுக்கலில் யார் வந்தாலும் சரி என்று நிற்கும் அமெச்சூர் வீராங்கனையாகவே அவர் இருந்தார். அதற்காக.

டப்ளினுக்குத் தெற்கே பிரே என்ற கடலோர ஊரில் 1986-ல் பிறந்தவர். அப்பா பீட் டெய்லர் எலெக்ட்ரீஷியன். அவரும் குத்துச்சண்டை வீரர்தான். மகளுக்கு முதல் பயிற்சியாளரும் அவரே. அன்றைக்கு அயர்லாந்தில் பெண்களுக்குப் போட்டியே கிடையாது. முடியைத் தலைக்கவசத்துக்குள் ஒளித்து, 'கே. டெய்லர்' என்ற பெயரில் பையன்களோடு சண்டை போட்ட சிறுமி அவர். 2001 அக்டோபர் 31 அன்று டப்ளின் நேஷனல் ஸ்டேடியத்தில் அயர்லாந்தின் முதல் அதிகாரபூர்வப் பெண்கள் குத்துச்சண்டை ஆட்டம் நடந்தது. அதில் ஏறி ஜெயித்தபோது கேட்டிக்கு வயது 15. நடுவே அயர்லாந்து பெண்கள் கால்பந்து அணிக்கும் ஆடியிருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவருடைய முதல் உலகத் தங்கம் நம் டெல்லியில் வந்தது, 2006-ல். அதே போட்டியில்தான் மேரி கோம், சரிதா தேவி, ஜென்னி, லேகா என்று இந்தியப் பெண்கள் நான்கு பேர் தங்கம் வாங்கினார்கள். அந்த ஆண்டு டெல்லியில் அப்படி ஒரு கூட்டம் ஒரே கூரைக்கடியில் இருந்தது என்பதே இங்கே பலருக்குத் தெரியாது. பிறகு 2008, 2010, 2012, 2014 என்று, டெல்லியையும் சேர்த்து, 60 கிலோ பிரிவில் தொடர்ந்து ஐந்து உலகத் தங்கம்.

ஆனால் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டைக்கு இடமே இல்லை. 2009 ஆகஸ்டில்தான் ஒலிம்பிக் கமிட்டி சரி என்றது. அதுவும் மூன்றே எடைப் பிரிவுகள், ஆண்களுக்குப் பத்து. மேரி கோம் எடை கூட்டி, தன்னைவிடப் பெரிய உடம்புக்காரர்களோடு 51 கிலோவில் மோதி வெண்கலம் வாங்கியது இதனால்தான். கேட்டியின் 60 கிலோ பிரிவு நல்லவேளையாக அந்த மூன்றில் ஒன்று. 2012 லண்டன் இறுதி ஆட்டத்தில் ரஷ்யாவின் சோஃபியா ஒச்சிகாவாவை 10-8 என்று வென்றார். அயர்லாந்து ரசிகர்கள் அன்று அந்த அரங்கில் போட்ட சத்தத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள்.

அங்கேயே நிறுத்தியிருந்தாலும் போதும். நிறுத்தவில்லை. 2015-ல் அப்பாவிடமிருந்து பிரிந்தார். 2016-ல் அடுத்தடுத்துத் தோல்விகள். ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் பின்லாந்தின் மிரா போட்கோனனிடம் தோற்று வெறுங்கையோடு திரும்பினார். முப்பது வயது. பெண்கள் சண்டைக்குக் கூட்டம் சேருமா, டிவிக்காரர்கள் வாங்குவார்களா என்று புரமோட்டர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்த காலம் அது. கேட்டி தானாகவே புரமோட்டர் எடி ஹெர்னைத் தொடர்புகொண்டு பேசினார். அந்த நவம்பரில் வெம்ப்ளியில் முதல் தொழில்முறை ஆட்டம். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ராஸ் எனமெய்ட்டிடம் பயிற்சி. வீட்டையும் குடும்பத்தையும் விட்டு அங்கே போய்த் தங்கினார். ஒரே ஆண்டுக்குள் உலகச் சாம்பியன் பட்டம்.

சர்ச்சையையும் பேசியாகவேண்டும். 2019 ஜூன், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கு. எதிரே பெல்ஜியத்தின் டெல்ஃபின் பெர்சூன். சாம்பியனாக இருந்துகொண்டே போலீஸ் வேலையும் பார்த்தவர். ஜெயித்தால் லைட்வெயிட் எடைப் பிரிவில் நான்கு அமைப்புகள் தரும் நான்கு பெல்ட்டும் கேட்டிக்கு. கடைசிச் சுற்றுகளில் பெர்சூன் விட்ட அடியில் கேட்டியின் முகம் வீங்கிப்போனது. இரண்டு நடுவர்கள் 96-94 என்று கேட்டிக்குக் கொடுத்தார்கள், ஒருவர் சமன் என்றார். என்னைக் கேட்டால் பெர்சூனுக்குத்தான் கொடுத்திருப்பேன். கேட்டியை நேசிக்கிறவன் என்பதால் இதை மறைக்க மனமில்லை. அடுத்த ஆண்டே அதே பெர்சூனோடு கேட்டி மறுபடி ஏறினார், இந்த முறை கேள்விக்கு இடமில்லாமல் ஜெயித்தார். சந்தேகத்துக்கிடமான வெற்றிக்குப் பிறகு அந்த எதிராளியின் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஆண் சாம்பியன்கள் உண்டு.

அடுத்து போர்ட்டோ ரிக்கோவின் அமாண்டா செர்ரானோ. 2022 ஏப்ரல் 30, மறுபடியும் கார்டன். அந்த அரங்கில் இரண்டு பெண்கள் முக்கிய ஆட்டமாக மோதியது அதுவே முதல்முறை; டிக்கெட் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. ஐந்தாவது சுற்றில் கேட்டி விழுந்துவிடுவார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். கால் தள்ளாடுகிறது, மூக்கில் ரத்தம், செர்ரானோ விடாமல் இறக்குகிறார். அந்தச் சுற்றைத் தாண்டி, மெல்ல மெல்லத் தூரத்தைத் திரும்பப் பிடித்து, கைவேகத்தால் கடைசிச் சுற்றுகளைத் தன் பக்கம் இழுத்தார். மூன்று நடுவர்களில் இருவர் மட்டும் ஒப்பிய பிளவுத் தீர்ப்பு, கேட்டிக்கு. நான் பார்த்த சண்டைகளில் இதற்கு மேல் ஒன்றை வைக்கமாட்டேன், ஆண்கள் ஆட்டங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் கேட்டி யார் என்று எனக்குக் காட்டியது 2023. தொழில்முறைக்கு வந்து ஆறரை ஆண்டுக்குப் பிறகு முதன்முதலாகச் சொந்த மண்ணில், டப்ளினில் ஆட்டம். செர்ரானோதான் எதிராளி என்று பேச்சு. காயத்தால் அவர் விலகிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் சுலபமான ஒருவரைப் பிடித்து, ஊர்க்காரர்கள் முன்னால் ஜெயித்து, பாட்டும் கொண்டாட்டமுமாக முடித்திருப்பார்கள். யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். கேட்டி தேடிப்போனது இங்கிலாந்தின் சாண்டெல் கேமரனை. தன்னைவிட ஒரு எடைப் பிரிவு மேலே, தோல்வியே அறியாத, அந்தப் பிரிவின் நான்கு பெல்ட்டையும் வைத்திருந்த சாம்பியன். மே 20 அன்று தோற்றார். 22-0 என்ற கணக்கு சொந்த ஊரில் உடைந்தது.

ஆறே மாதத்தில், அதே டப்ளின், அதே அரங்கு, அதே எடை, அதே கேமரன். 37 வயதில். வேகம் போய்விட்டது, இனி ஓய்வுதான் என்று எழுதியவர்கள் நிறைய. கேட்டி ஜெயித்தார், இரண்டு எடைப் பிரிவுகளில் நான்கு பெல்ட்டும் வென்ற மறுப்பில்லாத சாம்பியன் ஆனார். அவருடைய ஆட்டங்களில் ஒன்றே ஒன்றைப் பார்ப்பதென்றால் எது என்று யாராவது கேட்டால், சண்டை என்ற அளவில் மேலான 2022-ஐச் சொல்லமாட்டேன், கேட்டி யார் என்று காட்டும் இந்த ஆட்டத்தைத்தான் சொல்வேன்.

செர்ரானோவோடு பிறகு இன்னும் இருமுறை. 2024 நவம்பர் டெக்சாஸ் ஆட்டம் எனக்கு உவப்பில்லை. தலைகள் மோதி செர்ரானோவின் கண்மேல் பெரிய வெட்டு. கேட்டிக்கு ஒரு புள்ளி வெட்டப்பட்டது. அப்படியும் மூன்று நடுவர்களும் 95-94 என்று அவருக்கே கொடுத்தார்கள். அன்று அதிகக் குத்து இறக்கியவர் செர்ரானோ. 2025 ஜூலையில் கார்டனில் நடந்த மூன்றாவதில் கேட்டி நிதானமாக, தூரம் வைத்து, தேவைக்கு மட்டும் அடித்து ஜெயித்தார். 25-1.

ஒரு விஷயத்தில் மட்டும் கேட்டியோடு எனக்கு மனத்தாங்கல். தொழில்முறையில் பெண்களுக்குப் பத்துச் சுற்று, சுற்றுக்கு 2 நிமிடம். ஆண்களின் உலகப் பட்ட ஆட்டம் 12 சுற்று, சுற்றுக்கு 3 நிமிடம். 20 நிமிடம் எங்கே, 36 நிமிடம் எங்கே? ஒலிம்பிக்கிலோ டோக்கியோ முதல் பெண்களும் 3 நிமிடச் சுற்றுதான் ஆடுகிறார்கள். அமெச்சூர் பெண்ணால் முடிவது, சம்பளம் வாங்கும் சாம்பியனால் முடியாதா? செர்ரானோ 2023-ல் 12 சுற்று, 3 நிமிடம் என்று ஆடிக் காட்டினார். பட்டம் தரும் அமைப்புகளில் அதற்கு ஒப்பாத டபிள்யூபிசியின் பெல்ட்டையே விட்டுக்கொடுத்தார். இந்தப் போராட்டத்தை முன்னே நின்று நடத்தியது செர்ரானோதான், கேட்டி அல்ல. அவர்களுடைய மூன்று ஆட்டங்களும் பழைய கணக்கில்தான் நடந்தன. தலைக்கவசத்துக்குள் முடியை ஒளித்து வளையத்துக்குள் வந்தவர் இதற்கும் குரல் கொடுத்திருந்தால், டபிள்யூபிசியும் இறங்கி வந்திருக்கும் என்றே நம்புகிறேன். அவர் பெயருக்கு அந்த எடை உண்டு.

டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் ஆடவேண்டும் என்பது கேட்டியின் நெடுநாள் ஆசை. அது நடக்கட்டும், 12 சுற்று, 3 நிமிடமாக நடக்கட்டும். எதிரே யார் நிற்பார் என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கேட்டி சுலபமான ஆளைக் கேட்கமாட்டார்.