மூன்றாவது வரிசையில் ஏறி இருந்து பார்த்துவிட்டு வாருங்கள், கதைப்போம்

கல்யாணத் தாலிக்குப் பொன்னுருக்கு நடந்த வீட்டுக் கதை இவ்வளவு தூரம் பரவும் என்று நினைக்கவில்லை. காலையிலிருந்து உள்பெட்டியில் ஒரே கேள்வி: "அக்கா, உண்மையா அப்பிடியே சொன்னவர்?" சொன்னார். பந்தலுக்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டாரும் நிற்க, எங்கள் சொந்தக்காரர் ஒருவர் நான் எடுத்த கியா சொரெண்டோவின் பொனட்டில் தட்டிவிட்டுச் சொன்னார்: "இந்தக் காசுக்கு ஒரு பழைய ப்ராடோ எடுத்திருக்கலாமே. பொம்பிளையள் வாகனம் தெரிவு செஞ்சா இப்பிடித்தான்." எல்லோரும் சிரித்தார்கள். கையில் பலகாரத் தட்டோடு நின்றேன், நானும் சிரித்துவைத்தேன்.

இப்போது கையில் தட்டு இல்லை. அதனால் எழுதுகிறேன்.

குடும்பத்துக்கென்று ஏழு பேர் ஏறும் ஜீப் எடுக்கிறவர் முதலில் பார்க்கவேண்டியது மூன்றாவது வரிசையை. பொனட் எவ்வளவு உயரம், முன் கிறில் எவ்வளவு அகலம், கேற்றுக்குள் நுழையும்போது பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்களா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. கார் சேலுக்குப் போகிற ஆண்கள் என்ன செய்கிறார்கள்? சாரதி சீற்றில் ஏறுவார்கள், ஸ்டியரிங்கைப் பிடிப்பார்கள், இன்ஜினை ஒருமுறை உறுமவிடுவார்கள். முடிந்தது. பின்னால் போய் இருந்து பார்த்த ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை. ஏனென்றால் பின்னால் இருக்கப்போவது அவர்கள் இல்லை. அம்மாவும் மாமியும் பிள்ளைகளும்தான்.

நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு வலது முழங்கால் மடியாது. கார் சேல் தம்பி ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும். டொயோட்டா ப்ராடோ ஜீப்பில் அம்மா ஒரு கையால் கூரைப் பிடியைப் பிடித்து, மறு கையால் சேலையைத் தூக்கி, ஒரு காலை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டா. அடுத்த காலுக்கு வழியில்லை. பின்னுக்கிருந்து நான் தாங்கி ஒருமாதிரி உள்ளே போய் இருந்த பிறகு பார்த்தால், முழங்கால் நெஞ்சுக்கு நேரே நிற்கிறது. "பரவாயில்லை பிள்ளை, நான் சமாளிப்பன்" என்றா. அம்மாவின் பரவாயில்லைக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

இது ப்ராடோவின் குறை என்றுகூடச் சொல்லமாட்டேன். அந்த வாகனத்தின் அமைப்பே அப்படி. தனிச் செசியின் (அடி இரும்புச் சட்டத்தின்) மேல் உடலைத் தூக்கி வைத்த வாகனம் அது. பின்னால் முழு அச்சு மேலும் கீழும் ஆட இடம் வேண்டும். அதனால் பின் தளம் உயர்ந்துவிடும், சீற் தளத்தோடு ஒட்டிக் கிடக்கும், காலை நீட்ட இடமிருக்காது. கல்லிலும் சேற்றிலும் அடித்து ஓட்டுவதற்கு அதைவிட நல்ல அமைப்பு இல்லை. ஆனால் நாங்கள் போவது எங்கே? திருகோணமலை உவர்மலையிலிருந்து பள்ளிக்கூடம், சந்தை, பத்திரகாளி அம்மன் கோயில். கோடை விடுமுறைக்கு உறவினர் வந்தால் நிலாவெளி, கன்னியா. வருடத்தில் சில தடவை கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்பு. அந்த ஏ6 வீதி எங்கள் வீட்டு விறாந்தையைவிட வழுவழுப்பு. யானை குறுக்கே வரும், உண்மைதான். யானைக்குச் செசி என்ன, செசியும் உடலும் ஒன்றான மொனோகொக் என்ன.

அவர் சொன்ன "பழைய ப்ராடோ" எது என்றும் பார்ப்போம். ப்ராடோவின் 150 மொடல் வந்தது 2009 இல். என் கையிலிருந்த காசுக்கு அது வராது. வருவது அதற்கு முந்திய 120 மொடல். அதில் மூன்றாவது வரிசை சீற்றுகளை மடித்தால் இரண்டு பக்கச் சுவரிலும் தொங்கும். டிக்கியில் பாதி இடம் அவற்றுக்கே போய்விடும். பின்கதவு பக்கவாட்டில் திறக்கும், அதுவும் ஸ்பெயார் டயரையும் சுமந்துகொண்டு. மத்திய வீதியில் பின்னால் ஓட்டோ ஒட்டி நிற்கும்போது அதைத் திறந்து ஒரு மூட்டை அரிசி எடுத்துப் பாருங்கள்.

மிட்சுபிஷி மொன்டேரோ எடுத்திருக்கலாமே என்கிறவர்களுக்கு: பார்த்தேன். நல்ல வாகனம், மனதுக்குப் பிடித்தது. பின் சீற் தளத்துக்குள்ளேயே மடிந்து மறைந்துவிடும், அது கெட்டித்தனம். ஆனால் அந்தச் சீற்றின் தடிப்பைத் தொட்டுப் பாருங்கள், எங்கள் வீட்டுப் பாய் பரவாயில்லை. வெளிநாடுகளுக்கான தயாரிப்பும் 2021 இல் நின்றுவிட்டது. மொன்டேரோ ஸ்போர்ட் வேறு வாகனம், ட்ரைட்டன் பிக்கப்பின் அடித்தளத்தில் செய்தது. கார் சேலில் இரண்டையும் ஒரே பெயரில் கதைப்பார்கள், கவனம்.

கடைசியில் 2.2 டீசல் சொரெண்டோ எடுத்தேன். அதன் மூன்றாவது வரிசை ஒன்றும் அரண்மனை இல்லை. ஆனால் நடுச் சீற் முன்னும் பின்னும் நகரும், பின்னால் தனி ஏசி வாய் இருக்கிறது, தளம் தாழ்வு. அம்மா நடு வரிசைக்கு என் கையைப் பிடிக்காமல் ஏறுகிறா. பிள்ளைகள் சண்டை போடாமல் பின்னால் போகிறார்கள். இதற்கு மேல் ஒரு குடும்ப வாகனம் என்ன செய்யவேண்டும்?

றீசேல் என்பீர்கள். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். இடையில் ஓட்டை மாருதியைக்கூட வாங்கின விலைக்கு மேலே விற்றார்கள். அந்தக் காலத்துக் கணக்கை வைத்துக்கொண்டு "ப்ராடோ என்றால் தங்கம்" என்று இன்னும் கதைக்கிறீர்கள். எனக்குத் தங்கம் வேண்டுமென்றால் நகைக்கடைக்குப் போவேன். 2022 இல் வாரத்துக்கு 20 லீற்றர் எரிபொருள் கியூஆர் கோட்டாவோடு வரிசையில் நின்றபோது பெரிய இன்ஜின்காரர்களின் முகத்தையும் பார்த்தேன். பாகங்கள் கிடைக்காது என்பீர்கள். கொழும்பிலிருந்து வரவேண்டும், சுணங்கும். சுணங்கட்டும்.

வெள்ளம் வந்தால்? டித்வா புயல் நேரத்தில் மூதூர்ப் பக்கம் கிடந்த கிடைக்கு ஜீப் இல்லை, படகுதான் தேவைப்பட்டது. அடுத்த கேள்வி.

"அப்படியென்றால் டொயோட்டா கே.டி.எச். வேன் எடுத்திருக்கலாமே, ஏழு பேரும் கால் நீட்டலாமே" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதனால்தான் பதில் சொல்லவில்லை.

கட்டுநாயக்கா விமான நிலையக் கதை சொந்தக்காரருக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கனடாவிலிருந்து பெரியம்மா குடும்பம் வந்தபோது நம்மவர் ஒருவரின் ஏழு சீற் ப்ராடோவில்தான் போனோம். போகும்போது எல்லோருக்கும் இடமிருந்தது. வரும்போது சூட்கேஸ் ஏற்ற மூன்றாவது வரிசையை மடித்தார்கள். வெளிநாட்டுக்காரரை பஸ்ஸில் ஏற்றமுடியாது, ஓட்டுகிறவர் இறங்கமுடியாது, பக்கத்தில் இருக்கிற அண்ணை வழி சொல்லவேண்டும். வழி! கூகுளுக்குத் தெரியாத வழி. மிச்சம் யார்? அம்மாவும் நானும் என் சின்னவனும் கட்டுநாயக்காவிலிருந்து பஸ் மாறி மாறித் திருகோணமலைக்கு வந்தோம். குருநாகலில் இறங்கி நின்றபோது அம்மா தன் முழங்காலைத் தானே தேய்த்துக்கொண்டு, "அவையள் பாவம், களைச்சுப்போய் வந்த சனம்" என்றா. அந்த ஜீப்பில் வந்த ஒருவரும் அன்றிரவு எங்களிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. சூட்கேஸ் பத்திரமாக வந்துவிட்டது.

உடனே "பழசைக் கிளறுகிறா" என்பீர்கள். ஆம், கிளறுகிறேன். ஏழு சீற் என்று பேப்பரில் எழுதியிருப்பதற்கும் ஏழு பேர் போவதற்கும் உள்ள தூரத்தை நான் பஸ்ஸில் வந்து படித்தேன்.

"வாங்க வழியில்லை, அதனால் பொறாமை" என்று இன்னொருவர் யாரிடமோ சொன்னதாகக் கேள்வி. வழியில்லை, சரிதான். புதிய 2.8 லீற்றர் ப்ராடோவுக்கு உற்பத்தி வரியே இன்ஜின் கொள்ளளவை வைத்துத்தான் ஏறுகிறது. ஒரு அரசாங்கச் சம்பளக்காரி அதைக் கனவிலும் கட்டமாட்டாள். ஆனால் இந்தச் சொரெண்டோவின் லீசிங் மாதாமாதம் என் சம்பளத்தில்தான் போகிறது. அண்ணை கையெழுத்து வைக்கவில்லை, அத்தான் முற்பணம் தரவில்லை. ஓட்டுவதும் நான், சேர்விஸுக்குக் கொண்டுபோவதும் நான். உப்புக் காற்றில் அடிப்பக்கம் துருப்பிடிக்குமென்று மாரிக்கு முன்னால் அண்டர்கோட் அடிக்க கராஜ் வாசலில் வெயில் காய்வதும் நான். கராஜ் பாஸ்கூட, "மிஸ், சேர் வரேல்லையா?" என்று கேட்பார். எந்தச் சேர்?

பொம்பிளையள் தெரிவுசெய்தால் இப்படித்தான் என்றீர்களே. இப்படித்தான். உங்கள் வீட்டில் அக்கா தெரிவுசெய்திருந்தால் அவவும் முதலில் பின்னால் ஏறித்தான் பார்த்திருப்பா. அவவைக் கேட்டீர்களா? அன்று எல்லோரும் சிரித்தபோது அவ சிரிக்கவில்லை. நான் பார்த்தேன்.

சரி, ஹபரணை வழியில் லீற்றருக்கு எவ்வளவு ஓடுகிறது, டயர் என்ன அளவு என்றெல்லாம் கேட்டவர்களுக்கு நாளை தனியாக எழுதுகிறேன். படம் போடச் சொல்லிக் கேட்காதீர்கள், பொனட்டில் இன்னும் அவருடைய கைத்தடம் இருக்கிறது, கழுவவில்லை.