துப்பாக்கியே இல்லாமல் நிபுணர் என்ன சொல்ல முடியும்?

டெல்லியில் சுட்டுக் கொல்லப்பட்ட மாடல் ஜெசிகா லாலின் வழக்கே, தோட்டாக்களை ஆராய்ந்த தடயவியல் நிபுணரால்தான் குழம்பியது என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அது அநியாயம். 1999இல் அவரைச் சுட்ட துப்பாக்கியைக் காவல்துறை கடைசிவரை கைப்பற்றவே இல்லை. கையில் இருந்தவை சுட்ட பின் கிடந்த இரண்டு வெற்றுத் தோட்டாக்கள். துப்பாக்கி கிடைத்தால் அதில் சோதனைக்காகச் சுட்டு, தோட்டாவின் அடிப்பகுதியில் சுடும் ஊசி பதிக்கும் தடத்தை நுண்ணோக்கியில் ஒப்பிடலாம். அது இல்லாதபோது இரண்டு தோட்டாக்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட மட்டுமே முடியும். "இரண்டு வெவ்வேறு துப்பாக்கிகளிலிருந்து சுடப்பட்டவை போலத் தெரிகின்றன" என்ற கருத்து அப்படி வந்ததுதான். அந்தப் "போல" என்ற சொல்லை யாரும் கவனிக்கவில்லை. முக்கியக் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்ட மனு சர்மாவின் தரப்பு விடுமா? சுட்டவர் ஒருவரல்ல, இருவர் என்று வாதம் கட்டியது. 2006 பிப்ரவரியில் எல்லோரும் விடுதலை!

அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் மனு சர்மாவைக் குற்றவாளி என்றது, 2010இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கட்டுரையாளர் சொல்லாமல் விட்டது இதைத்தான்: பொய்ச்சாட்சி சொன்னதாக அந்த நிபுணர்மீது உயர் நீதிமன்றம் எடுக்கச் சொன்ன நடவடிக்கையை 2016இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. துப்பாக்கி இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே அவருடைய முதல் நிலை. விசாரணை நீதிமன்றத்தில் வற்புறுத்திக் கருத்துக் கேட்டார்கள், சொன்னார். அவரைத் திட்டுகிறவர்கள், அந்தத் துப்பாக்கி எங்கே போனது என்று ஏன் கேட்பதில்லை?