சம்பள பாக்கி விபல்லாசம் இல்லை

ஞாயிற்றுக்கிழமை நடந்த தியானக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அங்கே பேசிய ஐயா ஒரு பெண்ணுக்குச் சொன்ன பதிலின் துண்டு வீடியோவை ‘என்ன ஒரு ஆழமான பதில்!’ என்று ஆளாளுக்குப் பகிர்வதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் பெண் கேட்டது இதுதான். மூன்று மாதமாகப் பாதிச் சம்பளம், கேட்டால் மேலாளர் எல்லார் முன்னாலும் கத்துகிறார், கண்ணை மூடி உட்கார்ந்தாலும் அந்தக் குரல்தான் கேட்கிறது. ஐயா சிரித்துக்கொண்டே, “கத்துவது அவர் இல்லைம்மா, உங்கள் விபல்லாசம்” என்றார். அதாவது, எல்லாம் உங்கள் மனத் திரிபு என்று. அரங்கமே கைதட்டியது. அந்தப் பெண் மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சரி, விபல்லாசம். அங்குத்தர நிகாயம் என்ற உரைத் தொகுப்பில் புத்தர் அதை நாலாகச் சொல்கிறார். நிலையில்லாததை நிலையானதாக எடுத்துக்கொள்வது, துன்பத்தை இன்பமாக, நான் அல்லாததை நானாக, அழகற்றதை அழகாக எடுத்துக்கொள்வது. நாலே நாலு. இதில் சம்பள பாக்கி எங்கே வருகிறது? யாராவது காட்டுங்கள்.

இந்தத் திரிபு எப்படிக் கழலும் என்பது தியானத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். தியான ஆசிரியர் கோயங்காஜி முறையில் முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் கவனிக்கிறோம். உடலில் எழும் உணர்வுகளைக் கவனிக்கும் விபஸ்ஸனா தொடங்கிய பின் ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கச் சொல்வார்கள். பாதி நேரத்துக்குள் முழங்கால் வலி பாறாங்கல்லாக இறுகிவிடும். நகராமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு சூடு, ஒரு துடிப்பு, நடுவில் ஒன்றுமே இல்லாத ஒரு கணம், மறுபடி ஒரு குத்தல் என்று தனித்தனியாகப் பிரிந்து தெரியும். ‘என் வலி’யில் அந்த ‘என்’ கொஞ்சம் தளரும். இதை நான் என் முழங்காலில்தான் பார்க்க முடியும். அடுத்தவர் முழங்காலைப் பார்த்து ‘உனக்கு வலிக்கவில்லை’ என்று சொல்ல புத்தரின் எந்த உரையிலும் இடமில்லை.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு சாயங்காலம் பக்கத்துக் கட்டில்காரருடைய மாத்திரையை அப்பாவுக்குக் கொடுக்க வந்தார்கள். நான் சத்தம் போட்டேன். பார்க்க வந்திருந்த தியான நண்பர் ஒருவர் என் தோளில் கைவைத்து, “உன் மனசு கலங்கியிருக்கு, உள்ளே பாரு” என்றார். பார்த்தேன். உள்ளே கலக்கம் இருந்தது. வெளியே அட்டையில் இருந்த மாத்திரையும் அதே மாத்திரையாகத்தான் இருந்தது. சீட்டைக் காட்டிச் சண்டை போட்ட பிறகுதான் மாற்றினார்கள். அந்தக் கை தோளில் இருந்தது இன்னும் எரிகிறது.

புத்தரிடம் புகார் வந்தபோது அவர் என்ன செய்தார்? பிக்குகளின் விதிகளைச் சொல்லும் மகாவக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். மழைக்காலத்தில் பிக்குகள் பயிரையும் பூச்சியையும் மிதித்துக்கொண்டு திரிகிறார்கள் என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கும் வழக்கம் அப்படித்தான் வந்தது. தன் மகன் ராகுலனுக்குத் துறவு கொடுத்ததும் புத்தரின் அப்பா சுத்தோதனர் வந்து நிற்கிறார். பிள்ளைப் பாசம் தோலை அறுத்து, சதையை அறுத்து, எலும்பு மஜ்ஜை வரை போகிறது, இனிமேல் பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் யாருக்கும் துறவு தராதீர்கள் என்கிறார். பெற்ற அப்பா! ‘எல்லாம் உங்கள் பற்று’ என்று சொல்ல இதைவிட வசதியான சந்தர்ப்பம் கிடைக்குமா? புத்தர் விதி போட்டார்.

‘புத்தகம் படித்துவிட்டுப் பேசாதே’ என்பீர்கள். படித்துவிட்டுத்தான் பேசுவேன்.

‘ரம்பத்தால் அறுத்தாலும் வெறுக்காதே என்றாரே?’ சொன்னார், மஜ்ஜிம நிகாயம் என்ற இன்னொரு உரைத் தொகுப்பில். கொள்ளையர்கள் அங்கம் அங்கமாக அறுத்தாலும் மனசில் வெறுப்பு வரக்கூடாது என்று. அங்கேயும் அவர்களைக் கொள்ளையர்கள் என்றுதான் சொல்கிறார். ரம்பம் உன் பிரமை என்று சொல்லவில்லை.

‘ஐயா எத்தனை பேரை மீட்டிருக்கிறார் தெரியுமா?’ தெரியும். என்னை முதன்முதலில் உட்காரவைத்ததே அவர் பேச்சுதான். வேறு யாராவது சொல்லியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

இன்னொன்று. மேடைக்குப் பின்னால் இருந்த பேனரில் யார் யார் பெயர் இருந்தது என்று பார்த்தீர்களா? எல்லாம் கம்பெனிகள். ஊழியர் வாயை மூட இதைவிட மலிவான வழி அவர்களுக்குக் கிடைக்காது. கோயங்காஜியின் குரு ஊ பா கின் பர்மாவின் தலைமைக் கணக்காளர். அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தார், லஞ்சத்தை எதிர்த்தும் நின்றார். அந்த மனிதரிடம் போய் பாதிச் சம்பளம் என்று சொல்லியிருந்தால் முதலில் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். இங்கே கைதட்டினீர்கள். தினமும் காலையில் ‘எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க’ என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள் கைதட்டினீர்கள். அதுதான் தாங்கவில்லை. ஐயாகூட யோசிக்காமல் சொல்லியிருக்கலாம் என்று விடலாம், உங்களுக்கு என்ன வந்தது?

கீழே வந்து ‘உங்கள் கோபம் அடங்க மெத்தா (அன்பு எண்ணம்) அனுப்புகிறேன்’ என்று எழுதப் போகிறவர்களுக்கு: வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.