ஸ்டப் சோனா, கண்டிஷனல் ஃபார்வர்டரா? முதலில் ஃபயர்வாலைப் பாருங்கள்

இரண்டு நிறுவனங்கள் இணையும்போது நெட்வொர்க் குழுக்களிடையே தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. எதிர்த்தரப்பின் டொமைன் பெயர்களை நம் டிஎன்எஸ் சர்வர் (பெயருக்கு உரிய ஐபி முகவரியைத் தேடித் தரும் சர்வர்) கண்டறிவதற்கு, அந்த டொமைனின் நேம் சர்வர் பட்டியலை நகலெடுத்து வைக்கும் ஸ்டப் சோன் அமைப்பதா, நாம் குறிப்பிடும் சர்வர்களுக்கே வினவலை அனுப்பும் கண்டிஷனல் ஃபார்வர்டர் அமைப்பதா? மைக்ரோசாஃப்ட் உலகில் இரண்டுமே விண்டோஸ் சர்வர் 2003 உடன் வந்தவை. ஸ்டப் சோன் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும், ஆகவே அதுவே சிறந்தது என்று பலரும் சொல்கிறார்கள். தனித்தனி நிர்வாகத்தின் கீழ் இருந்து, நடுவில் ஃபயர்வாலும் உள்ள இரண்டு நெட்வொர்க்குகளுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்பது என் கருத்து.

சோன் என்பது ஒரு டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளின் தொகுப்பு. ஸ்டப் சோனில் எதிர்த்தரப்பு சோனின் முழு நகல் இருப்பதில்லை. எஸ்ஓஏ ரெக்கார்டும் (சோனின் அடிப்படை விவரம்), என்எஸ் ரெக்கார்டுகளும் (சோனுக்குப் பொறுப்பான நேம் சர்வர்களின் பெயர்கள்), அந்த நேம் சர்வர்களின் ஐபி முகவரிகளும் மட்டுமே அதில் இருக்கும். விண்டோஸில் யாரும் மாற்றாதவரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை அவை சரிபார்க்கப்படும். ஒரு பெயரைக் கேட்டு வினவல் வந்தால், அந்தப் பட்டியலில் உள்ள ஏதோ ஒரு சர்வரை நம் சர்வர் நேரடியாக அணுகும். சிக்கல் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆக்டிவ் டைரக்டரியோடு (விண்டோஸ் நெட்வொர்க்கின் பயனர், கணினி விவரங்களை வைத்திருக்கும் சேவை) இணைந்த சோனில், அந்தச் சேவையை இயக்கும் சர்வர்களான டொமைன் கன்ட்ரோலர்களில் டிஎன்எஸ் சேவையும் இயங்கும் ஒவ்வொன்றும் தன் பெயரை என்எஸ் ரெக்கார்டாகத் தானே பதிந்துகொள்ளும். எதிர்த்தரப்புக்கு நாற்பது கிளைகள் இருந்து, கிளைக்கு ஒரு டொமைன் கன்ட்ரோலர் இருந்தால், பட்டியலிலும் நாற்பது பெயர்கள் இருக்கும். ஃபயர்வாலிலோ டிஎன்எஸ் பயன்படுத்தும் 53ஆம் போர்ட் தலைமையகத்தின் இரண்டு சர்வர்களுக்கு மட்டுமே திறந்திருக்கும். அந்த இரண்டு முகவரிகளையே மாஸ்டராக, அதாவது பட்டியலை நகலெடுக்கும் மூலமாக, கொடுப்பதால் ஸ்டப் சோன் பிழையின்றி லோட் ஆகிவிடும். அதன் பிறகு ஒரு பெயர் உடனே கிடைக்கும், அடுத்தது டைம் அவுட் ஆகும், முன்பு கிடைத்த பதில்களைச் சேமித்து வைத்திருக்கும் கேச் உயிரோடு இருக்கும்வரை எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். இப்படி விட்டுவிட்டு வரும் கோளாறைத் தேடுவது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போன்ற வேலை.

கண்டிஷனல் ஃபார்வர்டரோ நாம் கொடுத்த முகவரிகளைத் தவிர வேறு எவரையும் கேட்காது. அதன் குறை என்னவென்றால், அந்த முகவரிகளை நாம்தான் பராமரிக்க வேண்டும். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 பதிப்புக்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்ததுபோன்ற சமயங்களில் டொமைன் கன்ட்ரோலர்கள் மாற்றப்பட்டு, புதிய ஐபி முகவரி நமக்குத் தெரிவிக்கப்படாவிட்டால், பெயர் கண்டறிதல் மொத்தமாக நின்றுவிடும். ஆனாலும் மொத்தமாக நிற்பதையே நான் விரும்புவேன். எங்கே பார்க்க வேண்டும் என்பது அப்போது உடனே தெரிந்துவிடும். பழைய முகவரியையே புதிய சர்வருக்கும் கொடுக்கும்படி எதிர்த்தரப்பிடம் முன்கூட்டியே பேசி வைத்தால் அதுவும் நேராது.

கிளவுடில் இந்தத் தேர்வுக்கே இடமில்லை. மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷ்யூரின் 168.63.129.16 என்ற முகவரி நம் சார்பில் பெயரைத் தேடித் தரும் ரிசால்வர் என்பதால் அங்கே ஃபார்வர்டர் மட்டுமே பொருந்தும். ஆனால் அந்த ஃபார்வர்டரை ஆக்டிவ் டைரக்டரியில் சேமித்துவிட்டால், அது ரெப்ளிகேட் ஆகி, அதாவது தானாக நகலெடுக்கப்பட்டு, நம் அலுவலகத்து டொமைன் கன்ட்ரோலர்களுக்கும் வந்து சேரும். அஷ்யூருக்கு வெளியே அந்த முகவரி எட்டாது. ஒரே ஒரு டிக் பெட்டி செய்யும் கைங்கரியம் இது.

ஸ்டப் சோனுக்கு உரிய இடம் நம் சொந்த வீட்டுக்குள்தான். தாய் டொமைனிலிருந்து கிளை டொமைனுக்கு டெலிகேஷன் (அந்தக் கிளையின் பெயர்களுக்கான பொறுப்பை அதன் நேம் சர்வர்களிடம் ஒப்படைப்பது) கொடுத்திருக்கும்போது, கிளையில் புதிய நேம் சர்வர் சேர்ந்தாலும் தாய் சோனில் உள்ள டெலிகேஷன் பதிவு தானாக மாறாது. எல்லா சர்வர்களும் ஒன்றையொன்று எட்டக்கூடிய அத்தகைய நெட்வொர்க்கில், தாய் டொமைனின் டிஎன்எஸ் சர்வரில் வைக்கும் ஸ்டப் சோன் அந்த மாற்றத்தைத் தானே கவனித்துக்கொள்ளும்.

ஆகவே முடிவெடுக்கும் முன், எதிர்த்தரப்பு சோனின் என்எஸ் பட்டியலை என்எஸ்லுக்அப் என்ற டிஎன்எஸ் வினவல் கட்டளையில் எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு சர்வரையும் நம் டிஎன்எஸ் சர்வரிலிருந்தே டிஎன்எஸ் வினவல்கள் செல்லும் யுடிபி, டிசிபி ஆகிய இரண்டு வழிகளிலும் கேட்டுப் பாருங்கள். பட்டியலில் ஒன்று பதில் தராவிட்டாலும் ஃபார்வர்டரே போதும்.