சிக்-ஃபில்-ஏ கோழி: ஒரு திருத்தம்

அண்ணே, அமெரிக்கச் சிக்கன் உணவக நிறுவனமான சிக்-ஃபில்-ஏ "கொள்கையைக் கைவிட்டு, ஆன்டிபயாடிக்கும் ஹார்மோனும் ஏற்றிய கோழி விற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. எந்த ஆன்டிபயாடிக்கும் கொடுக்காத கோழி என்று 2014-இல் வாக்குக் கொடுத்தார்கள், 2024-இல் தளர்த்தினார்கள். அதில் எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் மனித மருத்துவத்துக்கு முக்கியமான ஆன்டிபயாடிக் இப்போதும் கூடாது; மற்றவற்றை, கோழிகளுக்கு நோய் வந்தால் கொடுக்கலாம். ஹார்மோன் விஷயம் தவறு. அமெரிக்காவில் எந்த நிறுவனத்தின் கோழிக்கும் அதற்கு அனுமதி கிடையாது.

இந்த வேறுபாடு சின்னதல்ல. மனிதருக்கான மருந்தையே பண்ணைத் தீவனத்தில் கலந்தால் அதற்கு மசியாத கிருமிகள் பெருகும். நாளை நம் பிள்ளைக்கு அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம். அதனால்தான் உணவுக்காக வளர்க்கும் கோழி, கால்நடைகளுக்கு, மனித மருத்துவத்துக்கும் முக்கியமான கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுக்க இந்தியா 2019-இல் தடை போட்டது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பிராய்லர் வாங்கும் நமக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும்.

அப்புறம், சிக்-ஃபில்-ஏ கடைகளின் ஞாயிறு விடுமுறை, நீங்கள் எழுதியதுபோல் "புது விளம்பர உத்தி" அல்ல. நிறுவனர் ட்ரூயட் கேத்தி 1946-இல் முதல் உணவகம் திறந்த காலத்திலிருந்தே, வழிபாட்டுக்கும் ஓய்வுக்குமாக விட்டது. நம் மாவட்டத்திலும் ஞாயிறு காலை கோயிலுக்குப் போகக் கடை அடைப்பவர்கள் உண்டே. அந்த இரண்டு வரிகளையும் திருத்திவிடுங்கள் அண்ணே, பலரும் பகிர்கிறார்கள்.