அவள் கையில் எவ்வளவு காசு இருக்கிறது?

ஒரு நாவலில் ஐம்பது பக்கம் தாண்டிய பிறகும் அதன் நாயகி எத்தனை மணிக்கு எழுகிறாள், எதைச் செய்து பிழைக்கிறாள், அவள் கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை என்றால், அந்த நாவல்மீது இருந்த நம்பிக்கை போய்விடுகிறது. சமீபத்தில் 'பெண்ணை மையமாகக் கொண்டது' என்ற பாராட்டுடன் கைக்கு வந்த பல புத்தகங்களில் இதுதான் நடந்தது. அவளுடைய துயரம் தெரிகிறது. உடலும் கனவும் தெரிகின்றன. அவள் வேலை மட்டும் தெரியவில்லை.

வீட்டை விட்டு வெளியேறும் பெண்களைப் பற்றி இப்போது நிறைய எழுதுகிறார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் ஒரு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள். அடுத்த அத்தியாயத்தில் சென்னையில் ஓர் அறை, மாலை வெயில் விழும் பால்கனி, ஒரு கோப்பைத் தேநீர். முன்பணத்தை யார் கொடுத்தார்கள்? எங்கள் காட்பாடியில் தனியாக வீடு கேட்டுப் போகும் பெண்ணிடம் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி என்ன என்று அப்படிப் போன எவரையும் கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியைக் கடப்பதற்கே ஓர் அத்தியாயம் வேண்டும். அதை எழுதாமல் தாண்டிப் போகிறவர் அந்தப் பெண்ணின் விடுதலையைச் சுலபமாக்கிக் காட்டுகிறார். நிஜத்தில் வெளியேறியவர்கள் பட்ட பாட்டுக்கு அது நியாயம் செய்யவில்லை.

இந்த எண்ணத்தோடுதான் பானு முஷ்தாக்கின் கதைகளைப் படித்தேன். 2025-இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற 'ஹார்ட் லாம்ப்' தொகுப்பு. கன்னடத்தில் எழுதியவர் ஹாசனைச் சேர்ந்த வழக்கறிஞர். ஆங்கிலத்தில் தந்தவர் தீபா பாஸ்தி. 12 கதைகள். ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. நான் படித்தது ஆங்கிலத்தில். ஆனால் படிக்கும்போது காதில் விழுந்தவை மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் நான் கேட்ட குரல்கள். பெண் குழந்தைகளாகவே பெற்றாள் என்று கணவன் கைவிட்டுவிட, நியாயம் கேட்டுப் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியிடம் போகும் ஒரு தாய் அதில் வருகிறாள். அவளுக்குச் சேர வேண்டியது என்ன, அதை யார் தர வேண்டும், தராமல் எப்படியெல்லாம் நாளைக் கடத்துகிறார்கள் என்பது ஒவ்வொன்றும் அந்தக் கதையில் இருக்கிறது. நீதிமன்றப் படியில் பெண்களோடு நின்றவருடைய எழுத்து அது. கண்ணீருக்கு முன்னால் கணக்கு வருகிறது.

இன்னொரு கதையில், மனைவிக்காக மாளிகை கட்டுவேன் என்று உருகும் கணவன். அவள் இறந்ததும் எவ்வளவு சீக்கிரம் இன்னொருத்தி வருகிறாள் என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் மனம் மூத்த மகளிடம் நின்றுவிட்டது. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டவள். அந்த வீட்டின் காதல், விருந்தோம்பல், சிரிப்பு எல்லாம் அவள் தோளில்தான் ஏறி நிற்கின்றன. சம்பளம் இல்லாத வேலை என்பதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. பானு முஷ்தாக்கின் கண்ணில் பட்டிருக்கிறது. சில கதைகளின் முடிவில் அவர் குரல் உரத்துவிடுகிறது என்பது உண்மை; கதை சொல்லி முடித்த பிறகும் விடாமல் வழக்காடுகிறார். எனக்கு அது உறுத்தவில்லை. அவ்வளவு காலம் யாரும் காதுகொடுக்காத வழக்கு அது.

கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் 'மரக்கறி' நாவலை சமயவேல் தமிழில் தந்திருக்கிறார். 2024-இல் நோபல் பரிசு வந்த பிறகு இங்கே பலரும் தேடிப் படித்தார்கள். இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று ஒரு பெண் முடிவெடுக்கிறாள். அதற்காகத் தகப்பன் அறைகிறான், வாயில் திணிக்கிறான். எல்லோரும் அவளைப் பற்றியே பேசுகிறார்கள். அவள் கதையைக் கணவன், அக்காள் கணவன், அக்காள் என்று மூன்று பேர் வழியாகத்தான் கேட்கிறோம். என்னைப் பிடித்துக்கொண்டது அந்த அக்காள். அழகுசாதனக் கடை ஒன்றை நடத்துகிறாள், சம்பாதிக்காத கலைஞன் ஒருவனைத் தாங்குகிறாள், பிள்ளையை வளர்க்கிறாள், தங்கையைப் பார்க்க மருத்துவமனைக்கு மழையில் பஸ் பிடித்துப் போகிறாள். மறுத்தவளின் துணிச்சலை உலகமே கொண்டாடுகிறது. மறுக்க நேரமே கிடைக்காதவளை ஹான் காங் கடைசிப் பகுதியில் நிறுத்தி, அவள் கண்ணால் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வைக்கிறார். அந்தப் பகுதி இல்லாவிட்டால் இந்த நாவலை நான் இவ்வளவு மதித்திருக்க மாட்டேன்.

இமையத்தின் 'செல்லாத பண'த்தை நான் மறுபடி எடுத்ததற்குக் காரணம் வேறு. 2020-க்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குத்தான். தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கும் ரேவதியைச் சுற்றி நடக்கும் கதை. மருத்துவமனை ஊரில் வாழ்கிறவர்களுக்கு இந்த நாவல் வேறு மாதிரி வலிக்கும். வேலூரில் தங்கும் விடுதிகள், மருந்துக் கடைகள், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து மருத்துவக் கோப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் குடும்பங்கள் எல்லாம் எங்கள் அன்றாடம். பணம் இருந்தும் செய்ய ஒன்றுமில்லாமல் நிற்கும் அந்தக் காத்திருப்பை இவ்வளவு நெருக்கமாகத் தமிழில் வேறு யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஆனால் ஒரு குறை எனக்குத் தீரவில்லை. பொறியியல் படித்த ரேவதி நாவல் முழுக்கக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். தகப்பன் பேசுகிறார், தாய் புலம்புகிறாள், உறவுகள் தீர்ப்புச் சொல்கின்றன. அவள் படித்த படிப்பு அவள் கைக்கு ஏன் ஒரு சம்பளமாக வந்து சேரவில்லை? வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதைக் கேட்டுக்கொண்டேதான் புத்தகத்தை மூடினேன். இமையம் எழுதாமல் விட்டதில் ஒரு காரணம் இருக்கலாம். இருந்தாலும் எனக்கு அவள் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

ஏனென்றால் இதே இமையம்தான் 1994-இல் 'கோவேறு கழுதைகள்' எழுதினார். அதில் ஆரோக்கியத்தின் வேலை முழுக்க இருக்கிறது. வீடு வீடாகத் துணி எடுப்பது, வெளுப்பது, இரவில் சோறு வாங்கப் போவது, அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் தன் பங்குக்காகக் கெஞ்சி நிற்பது. அவள் வேலை மதிப்பிழக்க மதிப்பிழக்க அவளும் தேய்கிறாள். அந்த நாவலைப் படித்தவர்கள் யாரும் ஆரோக்கியத்தை மறப்பதில்லை. சு. தமிழ்ச்செல்வியின் 'அள'மும் அப்படித்தான். கணவன் கடல்தாண்டிப் போன பிறகு சுந்தராம்பாள் மூன்று பெண் பிள்ளைகளோடு வேதாரண்யம் பக்கத்து உப்பு மண்ணில் பிழைக்கிறாள். அந்த வீட்டில் இன்று அடுப்பு எரியுமா என்ற கேள்வியே கதையை நகர்த்துகிறது. கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை'யையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். எழுதியவர் ஆணா பெண்ணா என்று நான் பார்ப்பதில்லை. வேலை தெரிந்து எழுதியிருக்கிறாரா என்று பார்க்கிறேன்.

என் அம்மா பீடி சுற்றினார். குடியாத்தம் பக்கம். முந்தின இரவே இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைப்பார். காலையில் அளவுத் தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டுவார். பிறகு மடியில் முறம் ஏறும். தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கி, கட்டுக் கட்டாக அடுக்குவார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஏஜென்ட் கடையில் இலையை எடைபோட்டுக் கொடுப்பார்கள். அந்த இலையில் ஆயிரம் தேறவில்லை என்றால் சொந்தக் காசில் இலை வாங்கிச் சேர்க்க வேண்டும். சரியில்லை என்று கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்று 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனால் கணக்கெடுக்க வந்தவர்கள் கேட்டபோது எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருவரும் சொன்ன பதில், "வேலைக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறேன்."

மதியத்தில் நான்கைந்து பேர் ஒரே திண்ணையில் முறத்தோடு உட்காருவார்கள். கைக்கு ஓய்வில்லை, வாயும் காதும் சும்மா இருக்கும். வாரப் பத்திரிகைத் தொடர்கதையை உரக்கப் படிக்கச் சொல்லி என்னை நடுவில் உட்கார வைப்பார்கள். என் வாசிப்பு அங்கே தொடங்கியது. கதையில் வரும் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "அப்படியானால் இன்றைக்குச் சமையல் யார்?" அதற்குப் பதில் எந்தத் தொடர்கதையிலும் இருந்ததில்லை. இப்போது நான் புத்தகங்களிடம் கேட்பதும் அந்தக் கேள்விதான்.

இதைச் சொன்னால் சில நண்பர்கள் இலக்கியம் என்ன தொழிலாளர் துறை அறிக்கையா என்று கோபப்படுகிறார்கள். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யை எடுத்துப் படியுங்கள் என்பேன். பெரிய வீட்டில் ஒதுக்கிய சிறிய சமையலறை, அதற்குள் யார் கை ஓங்குகிறது என்ற போட்டி, அதையே அதிகாரம் என்று நம்பி ஒரு வாழ்நாளைக் கழித்த மூதாட்டி. வேலையை இவ்வளவு கூர்ந்து பார்த்ததால்தான் அந்தக் கதை மனத்தின் ஆழத்துக்கு இறங்க முடிந்தது. வேலையைத் தள்ளிவிட்டு மனத்தை மட்டும் எழுதினால், அந்த மனம் யாருடையது என்றே தெரியாமல் போகிறது.

இனி எங்கள் ஊர் விஷயம். அந்தக் கால வட ஆர்க்காடு எழுத்துக்குப் பஞ்சமில்லாத சீமை. வேலத்தில் வளர்ந்த மு.வ. 'அகல் விளக்கு' நாவலுக்கு 1961-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவர் புத்தகங்களை எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் பெண்கள்மீது உண்மையான அக்கறை உள்ளவர். ஆனால் அவர் பெண்கள் பெரும்பாலும் அறிவுரை கேட்கும் இடத்திலேயே இருக்கிறார்கள். பேரணாம்பட்டின் அழகிய பெரியவன் 'தகப்பன் கொடி'யில் நிலத்தை இழந்தவர்களின் கதையைச் சொன்னார். அதன் நடுவில் நிற்பவர் அம்மாசி என்ற ஆண். லாலாப்பேட்டையின் சுகிர்தராணி கவிதையில் பெண்ணின் உடலையும் சாதியையும் பேசிய துணிவு வேறு யாருக்கும் எளிதில் வாய்க்காது. இத்தனை பேர் இருந்தும், ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்ணை நடுவில் வைத்த ஒரு பெரிய நாவல் என் கைக்கு இன்னும் வரவில்லை.

காலையில் இருட்டு விலகும் முன்பே கிராமத்துச் சாலைகளில் கம்பெனி வேனுக்காக நிற்கும் பெண்களை நாங்கள் எல்லோரும் பார்க்கிறோம். தூக்குப் பாத்திரம், தோள்பை, அவசரமாக வைத்த பூ. மணிக்கு இத்தனை ஜோடி என்ற இலக்கு, தையல் மிஷின் வரிசை, சூப்பர்வைசரின் குரல், பசையின் வாடை, கழிப்பறைக்குப் போகக் கேட்க வேண்டிய அனுமதி. அவர்கள் தைக்கும் ஷூவை அணிகிறவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் சம்பளத்தில் தம்பி கல்லூரி போகிறான், சுய உதவிக் குழுவின் தவணை கட்டப்படுகிறது, சொந்தக் கல்யாணத்துக்கான நகை சேர்கிறது. வேனுக்குள் காதல் நடக்கிறது, சண்டை நடக்கிறது, ஒருத்தி அழும்போது இன்னொருத்தி தன் தோளைக் கொடுக்கிறாள். இதில் இல்லாத நாவல் வேறு எங்கே இருக்கிறது?

மருத்துவமனையும் அப்படித்தான். ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைத் திண்டிவனத்தில் பார்த்த ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்துத் திரும்பிவந்து, 1918-இல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். அவர் கதையை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அவரோடு நின்ற, பெயர் தெரியாத உள்ளூர் ஆயாக்களையும் இன்று இரவு டியூட்டி முடித்துக் காலையில் பஸ் நிறுத்தத்தில் தூங்கி வழியும் செவிலியரையும் யார் எழுதப் போகிறார்கள்?

ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத்துக்கு நேரில் போய், மக்களோடு பழகி 'கரிப்பு மணிகள்' எழுதினார். அவர் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுத் தங்கை ஒருத்திக்கு அதைக் கொடுத்தேன். பொன்னாச்சி உப்புப் பாத்தியில் நிற்கும் பக்கங்களைப் படித்துவிட்டு வந்து, "அக்கா, இதை எழுதியவர் அந்த வேலையைப் பார்த்திருக்கிறார், எனக்குத் தெரிகிறது" என்றாள். பிறகு தன் வரிசையில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் சொன்னதில் இருந்த நுட்பமும் கோபமும் நான் அண்மையில் படித்த பல அச்சுப் புத்தகங்களில் இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்தில் கம்பெனியிலோ பீடியிலோ மருத்துவமனையிலோ வேலை பார்க்கும் பெண்கள் யாராவது நோட்டுப் புத்தகத்தில் ஏதாவது எழுதி வைத்திருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். எழுத்துப் பிழை பற்றிக் கவலை வேண்டாம். தட்டச்சு செய்து தருகிறேன். எந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று சேர்ந்து யோசிப்போம். எழுதக் கூச்சமாக இருந்தால் சொன்னால் போதும், நான் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானே உங்கள் ஊருக்கு வந்துவிடுவேன். மற்ற நாட்களில் மாலை ஆறு மணிக்கு மேல் தொலைபேசியில் பேசலாம்.