கூத்தை ஸ்டோரியில் போடாதீர்கள்

மட்டக்களப்பில் விடிய விடிய ஆடும் கூத்தைக் கொண்டுபோய் பேஸ்புக் ஸ்டோரியில் போடுகிறார்களே, எனக்குத் தாங்கவில்லை. 24 மணித்தியாலத்தில் போய்விடும், பிறகு யார் பார்ப்பது? பேஸ்புக் கல்யாண வீடு மாதிரி, எல்லாரும் கதைப்பார்கள், ஆனால் போன வருஷம் ஒருவர் அருமையாக எழுதியதைத் தேடிப்பிடிக்க உயிர் போய்விடும். டிக்டொக்கில் இன்னும் கொடுமை, வடமோடி என்கிற கூத்து வகையின் ஆட்டத்துக்கு மேலே சினிமாப் பாட்டை ஏற்றிவிடுகிறார்கள். மத்தளமும் சல்லரித் தாளமும் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் குரலும் இல்லாமல் சதங்கை கட்டின கால் மட்டும் துள்ளுகிறது, அது என்ன கூத்து? வட்ஸ்அப்பில் வந்தால் எந்த ஊர், யார் ஆடினது என்று ஒன்றும் தெரியாது. கேட்டால் "எனக்கும் வந்ததுதான்" என்பார்கள்.

யூடியூப்பில் யாரோ ஒரு புண்ணியவான் முழு இரவையும் பொறுமையாகப் போட்டிருப்பார், பார்த்தவர்கள் 100 பேர்கூட இருக்க மாட்டார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய சஞ்சிகை, பத்திரிகை, புத்தகம் எல்லாம் காசில்லாமல் வாசிக்கலாம். அந்த இணைப்பைக் குடும்பக் குழுவில் போட்டால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, காலை வணக்கப் படத்துக்கு மட்டும் பூ மேல் பூ.

தம்பிமாரே, மட்டக்களப்பில் எங்கே கூத்து எடுத்தாலும் ஊரையும் அண்ணாவியார் பெயரையும் எழுதி, முழுசாக யூடியூப்பில் போடுங்கள்.